‘அண்டு’ என்னும் சொல்லும் நம் வினையெச்சமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் எதிர்பார்த்து வருவது இயல்பு. அத்தகைய மாலைப்பொழுதில் இலக்கணம் பேச ஒருவன் எழுந்து நிற்பது, விருந்துண்ண வந்தவர்களுக்கு முதலில் கஷாயத்தை நீட்டுவது போன்றது என்பதை நான் அறிவேன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட இலக்கணம் ஏட்டில் உறங்கும் இலக்கணம் அன்று. நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாயிற்படியிலும் காலையும் மாலையும் கேட்கின்ற இலக்கணம். ஆகையால் சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் ‘போகிறேன்’ என்று சொல்லத் தயங்குவர். ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வர். பெங்களூரில் அண்டை வீட்டாரிடமும் அலுவலக நண்பரிடமும் விடைபெறுகையில் அதே கருத்தை ஆங்கிலத்தில் சொல்ல நேர்கிறது. அப்பொழுது நம் வாயில் இயல்பாக வருவது ‘ஐ வில் கோ அண்டு கம்’ என்பது. விருந்தினருக்குத் தின்பண்டம் வழங்கும் நம் தாய்மார்கள், ‘சாப்பிட்டுப் பாருங்கள்’ என்பதனை ‘ஈட் அண்டு சீ’ என்று ஆங்கிலமாக்கி உபசரிக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பிள்ளை இவற்றைக் கேட்டுச் சிரிக்கிறான். ‘அம்மா, என் நண்பர்கள் எதிரில் இப்படிப் பேசாதே’ என்கிறான்.

சிறு பிள்ளையின் சிரிப்புத்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அச்சிரிப்புக்குப் பின் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும் தாய் அங்கே வாய் திறக்க அஞ்சுகிறாள். ஊரிலிருந்து வந்த பாட்டி பேரனுடைய நண்பர்கள் வந்தால் உள்ளே போய்விடுகிறாள். தந்தையோ, ‘வீட்டில் தமிழ் பேசுவதனால்தானே பிள்ளையின் ஆங்கிலம் கெடுகிறது’ என்று முடிவு செய்து, தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார். ஒரு தலைமுறைக்குள் அவ்வீட்டில் தமிழ் விருந்தாளி ஆகிவிடுகிறது. இம்முடிவு சரிதானா? தமிழ்தான் ஆங்கிலத்தைக் கெடுக்கிறதா? இல்லை என்பது என் கருத்து. தமிழின் இலக்கணத்தை அறிந்த பிள்ளை ஆங்கிலத்தையும் அச்சமின்றிக் கற்பான். அதனை அறியாதவனுக்கு இரண்டுமே தடுமாறும். இதனை மெய்ப்பிக்க ‘அண்டு’ என்னும் ஒரு சிறு சொல்லே போதும்.

முதலில் நம் மொழியின் இயல்பைக் காண்போம். ‘காலையில் எழுந்து, குளித்து, உண்டு, பேருந்து ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, அலுவலகம் சேர்ந்தேன்’ என்று சொல்கிறோம். இத்தொடரில் ஆறு செயல்கள் உள்ளன. முற்றுவினை ஒன்றே ஒன்று. அது ‘சேர்ந்தேன்’ என்பது. மற்ற ஐந்தும் முற்றுப் பெறாமல், அடுத்த வினையை நோக்கிக் கை நீட்டி நிற்கின்றன. எஞ்சி நிற்பதனால் அவற்றை எச்சம் என்றார்கள். வினையைக் கொண்டு முடிவதனால் வினையெச்சம் என்றார்கள். ஒரு வினையை மற்றொரு வினையோடு சேர்ப்பதற்குத் தமிழில் தனிச்சொல் தேவையில்லை. வினையின் ஈறே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

தொல்காப்பியர் வினையெச்சத்திற்கு ஒன்பது வாய்பாடுகள் வகுத்தார். நன்னூலார் பன்னிரண்டு காட்டினார். அவற்றுள் இன்று நம் நாவில் மிகுதியாக வழங்குவன இரண்டு. ஒன்று ‘செய்து’ என்னும் வாய்பாடு: போய், வந்து, உண்டு, படித்து என்பன. மற்றொன்று ‘செய’ என்னும் வாய்பாடு: போக, வர, உண்ண, படிக்க என்பன. முன்னது ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதைப் பெரும்பாலும் காட்டும். பின்னது நோக்கத்தையும் விருப்பத்தையும் பெரும்பாலும் காட்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன் ‘டு’ என்று வைத்துச் சொல்வதற்கு நம்மிடம் நெருங்கிய உறவினர் இந்தச் ‘செய’ என்னும் எச்சமே. ‘ஐ வான்ட் டு கோ’ என்பது ‘நான் போக விரும்புகிறேன்’ என்பதாம்.

இவ்விடத்தில் பெங்களூர்த் தமிழர்களாகிய நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியது கங்கர் குலத்துச் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கியே. கங்கர் என்போர் யாவர்? நமக்கு அண்மையிலுள்ள கோலாரைத் தொடக்க காலத் தலைநகராகக் கொண்டு கன்னட நாட்டை ஆண்டவர்கள். தமிழ் மாணவர் இன்றளவும் ஓதும் இலக்கண நூலுக்குக் கன்னட மண்ணோடு தொடர்புடைய குலத்தவன் ஒருவன் காரணமாக இருந்தான் என்பது சிறிய செய்தியன்று.

இலக்கண உறவும் அவ்வாறே. கன்னடர் விடைபெறும்போது என்ன சொல்கிறார்? ‘ஹோகி பர்த்தீனி’ என்கிறார். ஹோகி என்பது போய். பர்த்தீனி என்பது வருகிறேன். தெலுங்கர் ‘வெள்ளி வஸ்தானு’ என்கிறார். அதுவும் போய் வருகிறேன் என்பதே. ஆகவே ‘கோ அண்டு கம்’ என்பது தமிழர் மட்டும் செய்த ஆங்கிலம் அன்று. தென்னாட்டார் அனைவரும் சேர்ந்து செய்த ஆங்கிலம். 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகள் இணைப்புச் சொற்களைக் காட்டிலும் தொடர்ச்சியைக் காட்டும் எச்சங்களையே விரும்புகின்றன என்பதனை இவற்றின் தனிப் பண்புகளுள் ஒன்றாக எடுத்துக் காட்டினார். காலின் மாசிக்கா என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1976-இல் வெளியிட்ட நூலில் இந்திய மொழிகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்தபோது, இத்தகைய எச்சம் வடமொழிக் குடும்பத்திலும் பரவியிருப்பதனை விளக்கினார். வடமொழியில் ‘கத்வா’ என்பதும், இந்தியில் ‘ஜாகர்’ என்பதும் நம்முடைய ‘போய்’ என்பதற்கு நிகரானவையே. மொழிக் குடும்பம் வேறாயினும் வாக்கியம் கட்டும் முறையில் இந்நாட்டார் பெரிதும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

இனி ஆங்கிலத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தச் ‘செய்து’ என்னும் எச்சம் போல எங்கும் தடையின்றி வழங்கும் வடிவம் இல்லை. ஆகவே வினைகளைச் சேர்க்க ‘அண்டு’ என்னும் சொல்லைப் பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. ஒரே ஊழியன் பல வேலைகளைச் செய்யும் வீட்டைப் போன்றது அது. அவ்வூழியன் செய்யும் மூன்று வேலைகளை மட்டும் காட்டுகிறேன்.

‘ஐ வான்ட் டு ரீட் அண்டு ரைட்’ என்பது முதல் தொடர். இதனைத் தமிழில் ‘படிக்கவும் எழுதவும் விரும்புகிறேன்’ என்போம். இரண்டு வினைகளும் சம நிலையில் நிற்கின்றன. ‘செய’ என்னும் எச்சம் இரண்டிலும் வருகிறது. ‘உம்’ இரண்டிலும் ஏறுகிறது.

‘ஐ வான்ட் டு கோ அண்டு சீ தி டாக்டர்’ என்பது இரண்டாம் தொடர். இதனைப் ‘போகவும் பார்க்கவும் விரும்புகிறேன்’ என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ‘மருத்துவரைப் போய்ப் பார்க்க விரும்புகிறேன்’ என்பதே தமிழ். இங்கே அண்டு என்பதற்கு முன் நின்ற வினை, ‘செய்து’ என்னும் எச்சமாக மாறிவிட்டது.

‘ஐ வில் டிரை அண்டு கம்’ என்பது மூன்றாம் தொடர். திருமணத்திற்கு அழைத்தவரிடம் ஆங்கிலேயர் சொல்லும் மறுமொழி இது. தோற்றத்தில் இரண்டாம் தொடரைப் போலவே இருக்கிறது. ஆகவே அதே முறையில் மொழிபெயர்த்து, ‘முயன்று வருகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? ‘நெடுநாளாக முயற்சி செய்துகொண்டே இருக்கிறேன்’ என்று பொருள்பட்டு, திருமண வீட்டாரைத் திகைக்க வைக்கும். ‘வர முயல்கிறேன்’ என்பதே அதன் பொருள். இங்கே அண்டு என்பதற்குப் பின் நின்ற வினையே, ‘செய’ என்னும் எச்சமாயிற்று. அதாவது இத்தொடரில் வரும் ‘அண்டு’ உண்மையில் ‘டு’ என்பதன் வேலையைச் செய்கிறது.

இப்பொழுது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் மூன்று இடத்தும் ஒரே சொல். தமிழில் மூன்று இடத்தும் மூன்று வேறு உருவங்கள். ஆங்கிலேயச் சிறுவன் இந்த வேறுபாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்கிறான். அவனை நிறுத்தி, மூன்றும் எவ்வாறு வேறுபடும் என்று வினவினால் எளிதில் விடை சொல்லமாட்டான். நம் பிள்ளையோ, ‘இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?’ என்று ஒரு கணம் எண்ணினால் போதும். வேறுபாடு கண்முன் வந்து நிற்கும். தமிழ் இங்கே ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை. ஆங்கிலம் மறைத்து வைத்திருப்பதை விளக்கேற்றிக் காட்டுகிறது.

‘டிரை அண்டு’ என்பதைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். ஆங்கில ஆசிரியர் சிலர் அதனைத் தவறென்றே சிவப்பு மையால் கோடிடுகிறார்கள். ‘டிரை டு’ என்பதே சரி என்கிறார்கள். பிள்ளைகள் அதனைக் கேட்டுவிட்டு, ஆங்கிலத் திரைப்படத்தில் அதே தொடர் வருவதைக் கண்டு குழம்புகிறார்கள். உண்மை இடையில் உள்ளது. ‘டிரை அண்டு’ என்பது நேற்று முளைத்த வழக்கன்று. 17-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே ஆங்கில எழுத்தில் காணப்படுவது. புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1813-இல் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்திலும் அது வருகிறது. ஆங்கில வழக்குகளை ஆராய்ந்து 1926-இல் பெரும் அகராதி ஒன்று வெளியிட்ட ஃபௌலர், இதனைப் பேச்சு மரபாக ஏற்றுக்கொண்டாரேயன்றித் தவறென்று தள்ளவில்லை.

ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ‘டிரை’ என்னும் சொல் எவ்வித ஒட்டும் பெறாமல் நிற்கும்போதுதான் ‘அண்டு’ அதனோடு இசைந்து வரும். ‘ஐ வில் டிரை அண்டு கம்’ எனலாம். ‘பிளீஸ் டிரை அண்டு கம்’ எனலாம். ‘நேற்று வர முயன்றான்’ என்பதற்கு ‘ஹீ டிரைடு அண்டு கேம்’ என்றால் அது பொருந்தாது. ‘ஹீ டிரைடு டு கம்’ என்றே சொல்லவேண்டும். டிரைடு, டிரைஸ், டிரையிங் என்று ஒட்டுப் பெற்ற இடத்தில் எல்லாம் ‘டு’ ஒன்றே துணை. ‘கோ அண்டு’ என்பதற்கு இக்கட்டுப்பாடு இல்லை. ‘வென்ட் அண்டு பாட்’ என்று தாராளமாகச் சொல்லலாம், போய் வாங்கினான் என்று நாம் சொல்வதுபோல. மாணவர்களே, இதனை இவ்வாறு நினைவில் வையுங்கள்: பேச்சில் ‘டிரை அண்டு’ வந்தால் குற்றமில்லை. தேர்விலும் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘டிரை டு’ என்றே எழுதுங்கள். எங்கும் பழுதுபடாத வடிவம் அதுவே.

இனி, ‘ஈட் அண்டு சீ’ என்று உபசரித்த தாயிடம் வருவோம். அவள் சொன்னதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. தமிழில் ‘பார்’ என்பது கண்ணால் காண்பதை மட்டும் குறிப்பதில்லை. வேறொரு வினைக்குத் துணையாக வந்து முயற்சியையும் குறிக்கும். அதிலும் இரண்டு வகை உண்டு. ‘மருந்தைக் குடிக்கப் பார்த்தான்; கசப்பினால் முடியவில்லை’ என்பது ஒன்று. ‘மருந்தைக் குடித்துப் பார்த்தான், நோய் தீரவில்லை’ என்பது மற்றொன்று. முதல் தொடரில் மருந்து உள்ளே போகவே இல்லை. இரண்டாம் தொடரில் மருந்து உள்ளே போயிற்று, பயன்தான் இல்லை. எச்சத்தின் ஈறு மாறியதால் நிகழ்ச்சியே மாறிவிட்டது.

ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ‘டிரைடு டு டிரிங்க்’ என்பது குடிக்கப் பார்த்தது. ‘டிரைடு டிரிங்கிங்’ என்பது குடித்துப் பார்த்தது. ஆங்கிலம் கற்பிப்போர் பல பக்கங்களில் விளக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை மூன்று வயதிலேயே தன் வீட்டில் கற்றுவிடுகிறான். அவனுக்கு அதனை எடுத்துச் சொல்வார் இல்லாமையால், தன்னிடம் உள்ள செல்வத்தை அறியாமல் இருக்கிறான். கன்னடத்திலும் ‘மாடி நோடு’ என்றால் செய்து பார் என்பதே. தொலைவிலுள்ள ஜப்பானியரும் ‘தாபெதே மிரு’ என்கிறார்கள். உண்டு பார்த்தல் என்பதே அதன் சொற்பொருள். ஆகவே ‘ஈட் அண்டு சீ’ என்ற தாய் அறிவின்மையால் அவ்வாறு சொல்லவில்லை. ஆசியாவின் இரு கோடிகளில் வழங்கும் ஒரு சிந்தனை முறையை ஆங்கிலச் சொற்களில் உடுத்திக் காட்டினாள். ஆங்கிலேயரிடம் பேசும்போது மட்டும் ‘டூ டிரை சம்’ என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அதனைச் சிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து சொல்லலாம்.

‘அண்டு’ ஒன்றுதான் நம்மைத் தடுமாறச் செய்கிறது என்பதில்லை. ‘டு’ என்பதற்கு முன் வரும் வேறு சில இணைப்புச் சொற்களையும் சுருக்கமாகக் காண்போம். ‘போவதா வேண்டாமா என்று தெரியவில்லை’ என்பதற்கு ‘ஐ டோன்ட் நோ வெதர் டு கோ’ என்பது சரி. ‘வெதர்’ இருக்கும் இடத்தில் ‘இஃப்’ என்பதை வைத்து, ‘இஃப் டு கோ’ என்று பலர் எழுதுகிறார்கள், அது பொருந்தாது. நம் மொழியின் ஐயவினாவாகிய ‘ஆ’, ‘போவதா’ என்று தொழிற்பெயரிலும் ஏறும். ‘போவானா’ என்று முற்றிலும் ஏறும். ஆங்கிலத்திலோ ‘வெதர்’ இரண்டிடத்தும் வரும். ‘இஃப்’ முற்றுவினை உள்ள தொடரில் மட்டுமே வரும். இவ்வளவே வேறுபாடு.

‘பட்’ என்றால் ‘ஆனால்’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு ‘வீ ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெயிட்’ என்று வரும்போது திகைக்கிறார்கள். ‘டு’ என்பதற்கு முன் இவ்வாறு வரும் ‘பட்’ என்பதற்கு ‘தவிர’ என்பது பொருள். ‘காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை’ என்பதாம். சொல்லுக்குச் சொல் பொருள் மனப்பாடம் செய்தால் மொழி வராது. சொல் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம் பெங்களூருக்கே உரிய பெருமூச்சு. போக்குவரத்து நெரிசலில் பேருந்து அசையாமல் நிற்கிறது. அருகில் இருப்பவர், தமிழரோ கன்னடரோ தெலுங்கரோ, நம்மைப் பார்த்து, ‘வாட் டு டூ?’ என்கிறார். ‘என்ன செய்வது?’ என்பதன் நேர் ஆங்கிலம் இது, ‘ஏனு மாடுவுது?’ என்பதன் நேர் ஆங்கிலமும் இதுவே. நம் மொழிகளில் ‘செய்வது’ என்னும் பெயரே பயனிலையாக நின்று தொடரை முடித்துவிடும். ஆங்கிலத்தில் ‘வாட் டு டூ’ என்பது பெரும்பாலும் மற்றொரு தொடருக்குள் உறுப்பாக வரும்; ‘ஐ டோன்ட் நோ வாட் டு டூ’ என்பது போல. தனி வினாவாகக் கேட்க வேண்டுமாயின் ‘வாட் கேன் வீ டூ’ என்பர். நம் ஊருக்குள் ‘வாட் டு டூ’ என்றால் எல்லார்க்கும் விளங்கும். அதில் ஒரு தோழமையும் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்திற்கு எழுதும்போது மற்றதை எழுதுவோம். வேட்டியும் கால்சட்டையும் ஒருவரே இடத்திற்கேற்ப அணிவதில்லையா?

இதுவரை ஆங்கிலத்தில் தமிழ் புகுந்த கதையைச் சொன்னேன். அதனினும் கவலை தருவது தமிழில் ஆங்கிலம் புகுந்த கதை. அதனை நாம் கவனிப்பதே இல்லை. ‘மற்றும்’ என்னும் சொல்லைப் பாருங்கள். ‘மேலும்’, ‘மீண்டும்’ என்னும் பொருளில் வழங்கிய நல்ல சொல் அது. இன்று ‘அண்டு’ என்பதற்குப் பதிலாள் ஆகிவிட்டது. ‘அரிசியும் பருப்பும்’ என்று இரு தோளிலும் சமமாகச் சுமை ஏற்றிச் சொன்ன நாம், ‘அரிசி மற்றும் பருப்பு’ என்று எழுதுகிறோம். கடைப் பலகையிலும் அறிவிப்பிலும் அழைப்பிதழிலும் இதுவே காட்சி. பெயர்ச்சொல்லோடு நின்றாலும் பொறுக்கலாம். இப்பொழுது வினைகளுக்கு இடையிலும் வந்துவிட்டது. ‘நான் கடைக்குப் போனேன் மற்றும் பால் வாங்கினேன்’ என்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் தமிழ்க் கட்டுரை எழுதுகிறார்கள். ‘கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன்’ என்று பாட்டி சொல்வதில் உள்ள ஓட்டம் அதில் எங்கே? ‘கோ அண்டு கம்’ என்பதைக் கேட்டுச் சிரிக்கும் நம் வீட்டில், ‘போனேன் மற்றும் வாங்கினேன்’ என்பதைக் கேட்டுச் சிரிப்பவர் எத்தனை பேர்? ஆங்கிலம் பிழைபட்டால் வெட்கப்படுகிறோம். தமிழ் பிழைபட்டால் பொருட்படுத்துவதில்லை. நம் நோய் இதுவே.

அயல்மொழியைக் கற்பவர் தம் மொழியின் சாயலோடு பேசுவது எந்நாட்டிலும் உள்ளது. தமிழ் கற்க வரும் ஆங்கிலேயருக்கும் நம் எச்சங்களே முதல் தடை. அவ்வாறு தமிழ் கற்போர்க்கெனப் பாடநூல்கள் எழுதியவர் ஜி. யு. போப் ஐயர். 1870-களில் இதே பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக அவர் விளங்கினார். பின்னர் ஆங்கில நாடு திரும்பி, திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழின் வினையெச்சத்தை ஆங்கிலத்தில் தருவதற்குத் தாய்மொழியையும் தமிழையும் ஒருங்கே ஆய்ந்தறிந்த புலமை வேண்டும். அவர் ஆங்கிலத்தை மறந்து தமிழ் கற்கவில்லை. ஆங்கிலத்தை நன்கு அறிந்தமையால் தமிழை நன்கு கற்றார். நம் பிள்ளைகளுக்கு அவ்வழியைத் திருப்பிக் காட்டுவோம்.

அன்பர்களே, நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. முதலாவது, வீட்டில் பேசும் தமிழைத் தமிழாகவே பேசுவோம். ‘டிரை பண்ணு’ என்பதை விட்டு, ‘செய்து பார்’, ‘செய்யப் பார்’ என்று சொல்வோம். அந்த இரண்டு ஈறுகளும் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். இரண்டாவது, நாள்தோறும் பள்ளி ஆங்கிலப் பாடத்திலிருந்து ஐந்து தொடர்களை எடுத்துத் தமிழில் சொல்லச் செய்வோம். ‘அண்டு’ வரும் இடத்தில் எல்லாம் அது போய்ப் பார்க்கவா, போகவும் பார்க்கவுமா, பார்க்க முயலவா என்று கேட்போம். பத்து நிமிடம் போதும். தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டாம். தமிழ் தெரிந்தவரே அந்தப் பாடத்திற்கு ஆசிரியர். அன்று முதல் பாட்டி அறைக்குள் ஒளியவேண்டியதில்லை. மூன்றாவது, பிள்ளைகள் பள்ளியில் கற்கும் கன்னடத்தைப் பாரமாக எண்ணாதிருப்போம். எச்சமும் வேற்றுமையும் இரு மொழிக்கும் பெரிதும் பொதுவாக இருப்பதனால், கன்னடம் நன்கு கற்கும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணமும் தெளிவாகும். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் நம் அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவரும் சர்வஞ்ஞரும் என்று சொல்கிறோம். அந்த ‘உம்’ இரண்டு பெயரிலும் சமமாக ஏறுகிறது. ஒருவர் முன், ஒருவர் பின் என்பது அதில் இல்லை. அண்டை மொழியோடு நாம் வாழவேண்டிய முறையும் அதுவே.

‘போய் வருகிறேன்’ என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறி அமைகிறேன். அதில் ‘போய்’ என்பது எச்சம்; ‘வருகிறேன்’ என்பதே முற்று. தொடரின் பொருள் முற்றில்தான் நிலைபெறும். பிரிந்து செல்வதை எச்சமாக்கி, திரும்பி வருவதை முற்றாக்கினார்கள் நம் முன்னோர். 1809-இல் இங்கே பாளையம் அமைந்த பின் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், 1940-இல் விமானத் தொழிற்சாலையும் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும் 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றிய காலத்தில் வேலை தேடி வந்தவர்களும், அண்மைக் காலத்தில் கணினித் தொழிலுக்காக வந்தவர்களும், தத்தம் ஊரில் தாயிடம் சொல்லிப் புறப்பட்ட சொல் இதுவே. அவர்களுள் பலர் திரும்பவில்லை. இவ்வூரையே தம் ஊராக்கிக் கொண்டார்கள். ஆயினும் அவர்கள் வீட்டு வாயிலில் இன்றும் ‘போய் வருகிறேன்’ என்றே கேட்கிறது. அச்சொல் இருக்கும்வரை அவ்வீடு தமிழ் வீடு.

ஆகவே, இனி உங்கள் வீட்டில் யாரேனும் ‘கோ அண்டு கம்’ என்று சொன்னால், பிள்ளைகளே, சிரிக்க வேண்டாம். ‘ஐ வில் பீ பேக்’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம் என்பதை அன்போடு சொல்லிக் கொடுங்கள். பெற்றோர்களே, நீங்கள் அதற்காக நாணவும் வேண்டாம். போய் வருகிறேன் என்பதன் அழகை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இவ்வாறு கொடுத்தும் பெற்றும் வாழும் வீட்டில் இரண்டு மொழியும் வளரும்.